இருபது நகக் குட்டியும் என் பால்வெட்டுக் கத்தியும்

அன்று நாய்க்கொட்டகையில் இருந்தவர்கள்: தோட்டத்துத் துரை. கங்காணி மாரிமுத்து. கொட்டகை கூட்டுகிற அஞ்சலை. துரையின் வேட்டைநாய். கண் திறக்காத அதன் குட்டி ஒன்று. பிறகு நான். என் புத்தி மட்டும் கூலி லயத்திலேயே தங்கிவிட்டது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் நடந்தது. பத்து காஜா என்கிற மலாய் ஊர்ப் பக்கம் ரப்பர்த் தோட்டம். நான் பால்வெட்டு ஆள். நாய் பார்க்கிற வேலை காலியாக இருந்தது. அது கிடைத்தால் விடியுமுன் எழுந்து பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுக்க வேண்டாம். எனக்கு அந்தத் தூக்கம் வேண்டியிருந்தது.

நாயின் காலில் தரையைத் தொடாமல் மேலே ஒட்டிக்கொண்டு ஒரு விரல் இருக்கும். பன்றி வேட்டையில் அது முள்ளில் மாட்டிக் கிழியும், குட்டியிலேயே வெட்டிவிட வேண்டும் என்றார் துரை. கங்காணி குட்டியைத் தூக்கி நகத்தை எண்ணினார். (நாய் என்றால் எங்கள் ஆட்கள் முதலில் எண்ணுவது அதைத்தான். சாதாரண நாய்க்குப் பதினெட்டு.)

“இருபது நகம் தொரை! ராசியான குட்டி. இந்த நகம் இல்லாட்டி ஈயம் தோண்டின குட்டைக் கரையில ஏற முடியாதுலா.”

துரை என்னைப் பார்த்தார். “நீ வெட்டத் தெரியுமா?”

“தெரியும் தொரை. ஊர்ல எத்தனையோ நாய்க்கு வெட்டியிருக்கேன்.”

(ஊரில் எங்களிடம் நாயே இல்லை. ஒரு சேவல் இருந்தது. அதுவும் பக்கத்து வீட்டுக்காரருடையது.)

பால்வெட்டுக் கத்தியை எடுத்தேன். எனக்குத் தெரிந்த கத்தி அது ஒன்றுதான். மரத்தில் பட்டை சீவுவதுபோல என் பக்கம் இழுத்தேன். மரம் நெளியாது. குட்டி நெளிந்தது. கத்தி குட்டியை விட்டுவிட்டு என் இடது கட்டைவிரலுக்கு வந்தது. நகம் முழுசாகப் பெயர்ந்து, பட்டைச் சீவல் மாதிரி தரையில் கிடந்தது. மரத்தில் நான் அவ்வளவு நேர்த்தியாகச் சீவியதே இல்லை.

நாய்க்குத் தண்ணீர் வைக்கிற, மரத்துப் பால் பிடிக்கும் மங்கு ஒன்றை எடுத்து என் விரலுக்குக் கீழே பிடித்தாள் அஞ்சலை.

“தரையில சிந்தாத. கழுவுறவ நான்தான்.”

கங்காணி மங்குக்குள் எட்டிப் பார்த்தார். “நல்ல மரம். பால் நிக்காம வருது.”

துரை குட்டியைத் தாயிடம் விட்டார். “நாளைக்குப் பெரட்டு. நீ வா.” (அவருடைய தமிழ் அவ்வளவுதான். போதுமானதாக இருந்தது.)

குட்டி வளர்ந்தது. ஒருநாள் அந்த நகம் முள்ளில் கிழிந்து நாய் நொண்டியது. துரை கங்காணியைப் பார்த்துச் சிரித்தார். பிறகு ஒருநாள் நாய் ஈயக்குட்டையில் விழுந்து, அதே மாதிரி இன்னொரு நகத்தைச் சேற்றில் ஊன்றி ஏறி வந்தது. கங்காணி துரையைப் பார்த்துச் சிரித்தார். வெட்டுவதா வேண்டாமா என்று கடைசிவரை முடிவாகவில்லை. என் நகமும் முளைக்கவில்லை.

அஞ்சலையைத்தான் கட்டிக்கொண்டேன். “எண்ணிப் பாத்துத்தான் கட்டிக்கிட்டேன்” என்று வீட்டுக்கு வருகிறவர்களிடம் எல்லாம் இன்றும் சொல்கிறாள். சிலிபின் ஊரிலிருந்து பேரப்பிள்ளைகள் வந்தால் என்னை உட்காரவைத்து, கையில் தொடங்கிக் கால்வரை சத்தமாக எண்ணுவார்கள்.

பத்தொன்பது.