கரடி வேட்டைக்கு ஒரு கையெழுத்து

வருகிற வைகாசியில் நான் கரடி சுடப் போகிறேன் என்று நவம்பர் மாதத்து ஞாயிறு ஒன்றில், பூசை முடிந்து வந்த கையோடு, கோட்டைக்கூடக் கழற்றாமல் அறிவித்தேன்.

என் மனைவி அக்னெஸ் குசினிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாள்.

"எங்கை, ரீவியிலையோ?"

"உண்மையான கரடி. கறுப்புக் கரடி. வழிகாட்டி ஒருத்தரும் இல்லாமல், நானே படகோட்டிக்கொண்டு போய், கடற்கரையிலை சுடப் போறன்."

"நல்லது. முதல் சப்பாத்தைக் கழட்டுங்கோ. பனித்தண்ணி ஒழுகுது."

கரடிமேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. என் கோபமெல்லாம் கிறிஸ்தோப்பர்மேல். எங்கள் தேவாலயப் பங்குக்காரர்தான். என்னைவிட இரண்டு வயது மூப்பு. பணக்காரர் வாழும் இல்-பிசாரில் தனி வீடு, இரண்டு கார் விடும் கராஜ். அதுவரைக்கும் பொறுத்துக்கொண்டேன். ஒக்டோபரில் மனிதர் ஒரு மூஸ் சுட்டுவிட்டார். மூஸ் என்றால் எங்கள் ஊர் மரைதான், ஆனால் ஒரு வான் வண்டி அளவு. பங்குச் சனம் முழுவதையும் வீட்டுக்குக் கூப்பிட்டுக் கறி கொடுத்தார். அக்னெஸ் மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டாள்.

அங்கிருந்து பியர்பொன்ட்ஸில் உள்ள எங்கள் வீட்டுக்குக் காரில் பத்தே நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தில் பதினொரு தரம் "கிறிஸ்தோப்பர் அண்ணை" என்றாள். "கிறிஸ்தோப்பர் அண்ணைக்கு என்ன துணிவு! கிறிஸ்தோப்பர் அண்ணைதான் ஆம்பிளை!" அப்படியானால் பக்கத்தில் ஸ்ரேரிங் பிடித்துக்கொண்டு இருப்பவன் யார்?

பொறாமையை எங்கள் ஞானோபதேசத்தில் காய்மகாரம் என்று சொல்லித் தருவார்கள். தலையான பாவங்கள் ஏழில் ஒன்று. மற்ற ஆறையும் செய்ய எனக்கு வசதி வரவில்லை. இந்த ஒன்றை மட்டும் மனம் நிறையச் செய்தேன். அக்னெஸின் வாயிலிருந்து என்னைப் பற்றி அப்படி ஒரு சொல் வரவேண்டும். அதற்கு மூஸைவிடப் பயங்கரமான மிருகம் வேண்டும்.

சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்தேன். சென் லோரன்ஸ் ஆறு கடலாக விரியும் வட கரை. வைகாசியில் நித்திரை முறிந்து வரும் கரடிகள், கடல் வற்றும் நேரத்தில் கரைக்கு வந்து இளம் புல் மேயுமாம். தூரத்தில் எஞ்சினை நிறுத்தி, சத்தமில்லாமல் கரை இறங்கி, ஒரே வெடி. எட்டு நாளைக்குக் கபினும் படகும் பதிவுசெய்தேன். கடல் வெள்ளம் ஏறும், வற்றும் நேரங்களையும் அட்டவணை போட்டேன்.

அக்னெஸ் கோப்பையைத் துடைத்துக்கொண்டே குனிந்து பார்த்தாள். அவள் மன்னார், பேசாலை. அவளுடைய அப்பாவுக்கு இரண்டு வள்ளம் இருந்தது. நான் சில்லாலை. எனக்குத் தெரிந்ததெல்லாம் கிணற்றுத் தண்ணீர்தான்.

"இந்த நேரத்திலை படகைக் கட்டிப்போட்டு இறங்கினால், திரும்பி வரேக்கை படகு சேத்திலை இருக்கும். கரடியோடைதான் படுக்கவேணும்."

"அதெல்லாம் நான் சமாளிப்பன்."

"இல்-பிசாரிலையிருந்து லவாலுக்குப் போற பெரிப் படகிலை சத்தி எடுத்தனீங்கள். அஞ்சு நிமிசப் பயணம். அது கம்பியிலை கட்டியிருக்கிற பெரி."

நான் அட்டவணையைத் திருத்திக்கொண்டேன்.

துப்பாக்கி வகுப்புக்கு இரண்டு நாள் போனேன். பாஸ் பண்ணினேன். பிறகுதான் அனுமதிப் படிவம் வந்தது. அதில் மனைவி கையெழுத்து வைக்க ஒரு பெட்டி இருந்தது. முப்பது வருடமாக நான் எதற்கெல்லாம் அவளிடம் அனுமதி கேட்கிறேன் என்று கனடா அரசாங்கத்துக்கு யார் சொன்னது?

அக்னெஸ் படிவத்தை இரண்டு தரம் வாசித்தாள். பேனையை எடுத்தாள். மூடியைத் திறந்தாள். மூடினாள்.

"கரடி எத்தினை கிலோ வரும்?"

"நூறு, நூற்றிருபது."

"சுட்டாப் பிறகு ஆர் படகுக்குத் தூக்குறது? நீங்கள் அரிசி மூட்டைக்கே ஆளைத் தேடுறனீங்கள். கிறிஸ்தோப்பர் அண்ணை மூஸுக்குப் போக முதல் ஒரு மாசம் பாரம் தூக்கிப் பழகினவராம். பேஸ்மென்டிலை இருக்கிற சாமானை மேலை ஏத்துங்கோ. பேந்து கையெழுத்தைப் பாப்பம்."

கிறிஸ்தோப்பர் ஒரு மாதமா? நான் மூன்று கிழமையில் ஏற்றினேன். பழைய சோபா, உடைந்த தையல் மெசின், பிள்ளைகளின் சைக்கிள்கள், ஓடாத பிரிஜ். இடுப்பு என்னிடம் தனியாகப் பேசத் தொடங்கியது.

"இப்ப வை கையெழுத்து."

"அவசரப்படாதையுங்கோ. கரடிக்குக் காது கூர்மை எல்லே? நீங்கள் நடந்தால் பக்கத்து வீட்டு நாய் குலைக்குது. கிறிஸ்தோப்பர் அண்ணை விடியப்புறம் பூனை மாதிரி எழும்பி, ஒரு சத்தமில்லாமல் தேத்தண்ணி வைப்பாராம்."

அன்று முதல் காலை ஐந்தரைக்கு நான் குசினியில் பதுங்கினேன். கரண்டி கோப்பையில் பட்டால் அன்றைய பயிற்சி தோல்வி. அக்னெஸ் ஏழரைக்கு எழும்பி, "இண்டைக்குக் கரடி தப்பியிருக்காது" என்று சொல்லித் தேநீரைக் குடிப்பாள். அந்த ஒரு வார்த்தைக்காக அடுத்த நாள் ஐந்து மணிக்கே எழும்பினேன்.

கரடிக்கு மூக்கும் கூர்மையாம். அதனால் வாசமில்லாத சவர்க்காரத்தில் என் உடுப்பை நானே தோய்க்க வேண்டியதாயிற்று. என் உடுப்பில் அவளுடைய உடுப்பின் வாசம் ஒட்டிவிடும் என்பதால் அவளுடையதையும் தோய்த்தேன். தோலுரிக்கப் பழக வேண்டும் என்று ஒவ்வொரு சனியும் நான்கு கோழி. ஒவ்வொரு பாடத்துக்கும் முன்னால் கிறிஸ்தோப்பர் அண்ணை வருவார். எனக்குக் காதால் புகை வரும். உடனே கத்தியை எடுப்பேன்.

பெரிய வியாழன் முடிந்தது, ஈஸ்ரர் முடிந்தது. பெட்டி வெறுமையாகவே இருந்தது.

"மற்றக் கையெழுத்துகளை முதல் வாங்குங்கோ. என்ரை கடைசி" என்றாள்.

என்னைத் தெரிந்த இரண்டு பேர், இவன் நல்லவன் என்று அந்தப் படிவத்தில் சாட்சி சொல்ல வேண்டும். ஒருவர் கிடைத்தார். மற்றவராகக் கிறிஸ்தோப்பரைக் கேட்போம் என்று தோன்றியது. நான் கரடிக்குப் போவதை அவர் தன் கையாலேயே எழுதி ஒப்பமிடட்டும். ஏப்ரல் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் இல்-பிசாருக்குப் போனேன்.

கராஜ் திறந்து கிடந்தது. உள்ளே பெட்டிகள் மலைபோல் அடுக்கியிருந்தன. நடுவில் கிறிஸ்தோப்பர், ஏப்ரன் கட்டிக்கொண்டு, கையில் இடியப்ப உரல்.

"வா நீக்கிலாப்பிள்ளை! வந்து பார், நல்லாப் பார்! எல்லாம் உன்னாலைதான்!"

"நான் என்ன செய்தனான் அண்ணை?"

"நீ சத்தமில்லாமல் தேத்தண்ணி வைக்கிறியாம். உடுப்புத் தோய்க்கிறியாம். பேஸ்மென்டைக் கண்ணாடி மாதிரி வைச்சிருக்கிறியாம். விடிஞ்சால் பொழுதுபட்டால் என்ரை மனுசி யோசெப்பினுக்கு உன்ரை கதைதான். மனுசர் உன்னாலை நிம்மதியா இருக்கேலாமல் கிடக்கு!"

"நான் கரடிக்கெல்லோ பழகுறன்!"

"கரடிக்கு ஏன்டா தேத்தண்ணி?"

"மூஸுக்கு நீங்கள் இப்பிடித்தானே பழகினனீங்கள்?"

கிறிஸ்தோப்பர் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். கராஜ் கதவை இறக்கினார்.

"அந்தோனியார் அறிய ஒருத்தருக்கும் சொல்லாதை. அதை நான் சுடேல்லை. என்னோடை வேலை செய்யிற பிரெஞ்சுக்காரன் சுட்டது. நான் மரத்துப் பரணிலை நித்திரை. வெடி கேட்டு எழும்பிப் போய்க் கொம்பிலை பிடிச்சுப் படமெடுத்தன். அவ்வளவுதான்."

ஆறு மாதமாக என் நெஞ்சில் ஏறி நின்ற மூஸ் இறங்கி நடந்து போனது. ஒருவருக்கும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் பண்ணினேன். வீடு வரைக்கும் காப்பாற்றினேன்.

"அக்னெஸ்! உன்ரை கிறிஸ்தோப்பர் அண்ணை சுடேல்லை! பரணிலை நித்திரையாம்!"

"தெரியும்" என்றாள் அக்னெஸ்.

"எப்ப தெரியும்?"

"கறி போடேக்கையே யோசெப்பினக்கா சொல்லிப்போட்டா."

"அப்ப காரிலை பதினொரு தரம் புகழ்ந்தது?"

"அஞ்சு வரியமா நாளைக்கு நாளைக்கு எண்டனீங்கள். இப்ப பேஸ்மென்டைப் பாருங்கோ, டான்ஸ் ஆடலாம்."

கோபப்பட முயற்சி செய்தேன். சந்தோசம்தான் வந்தது. கிறிஸ்தோப்பர் வீரரில்லை! இனி நான் எதற்குக் கரடியோடு மல்லுக்கட்ட வேண்டும்? படிவத்தை நான்காகக் கிழித்தேன்.

"நான் போகேல்லை. போட்டிக்கு ஆளில்லை."

"உறுதியாச் சொல்லுறியளோ?"

"உறுதி."

"அப்ப வைகாசிக்குப் பதிஞ்ச படகு?"

"கிடக்கட்டும்."

"ஏன் வீணாக்குவான்? நானும் யோசெப்பினக்காவும் போறம். சுட இல்லை, பாக்க. படகோட்டுற லைசன்ஸ் அட்டை நான் மாசியிலையே எடுத்திட்டன். உங்கட அட்டவணையையும் தாங்கோ, நல்ல வடிவாப் போட்டிருக்கிறியள்."

"எட்டு நாளைக்கு வீட்டை ஆர் பாக்கிறது?"

அவள் கோப்பை துடைக்கிற துணியை என் தோளில் போட்டாள். எனக்கே பதில் தெரிந்துவிட்டது.

வைகாசி மூன்றாம் கிழமை பெண்கள் போனார்கள். கிறிஸ்தோப்பர் இடியப்ப உரலோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். நான்காம் நாள் மத்தியானம் வீடியோவில் அக்னெஸ் வந்தாள். ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை, ஒரு கை எஞ்சின் பிடியில். காற்றில் தலைமயிர் பறக்கச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை எங்கள் கலியாணப் படத்தில்தான் கண்டிருக்கிறேன். எனக்குக் கிறிஸ்தோப்பரை மறந்து கடலின்மேல் பொறாமை வந்தது.

"சத்தம் போடாதையுங்கோ, அந்தா, கரையிலை!" என்று போனைத் திருப்பினாள்.

கரடி. தன்பாட்டில் புல் மேய்ந்துகொண்டு நின்றது.

"குளிர்காலம் முழுக்க அது ஒண்டும் தின்னேல்லையாம். இப்பவும் வெறும் புல்லுத்தான். உப்புக் குறைவு, புளி கூட எண்டு உங்களை மாதிரி ஒரு குறை சொல்லுதோ? எப்பிடி ஒரு சீவன், இல்லையே யோசெப்பினக்கா?"

அன்று மத்தியானம் நான் இடியப்பத்தைத் தொடவில்லை. ஒரு கோப்பை பச்சைக் கீரை மட்டும் சாப்பிட்டேன், உப்பில்லாமல்.