அரைநூல் சாரின் கள்ளிச்செடி

1. ஆய்வு அறை ஜன்னலில் இருந்த கள்ளிச்செடியின் அடிப்பாகம் மஞ்சளானது.
2. அரைநூல் சார் அதற்கு ஒரு மஞ்சள் சீட்டு கட்டினார்.
3. மஞ்சள் மேலே ஏறியது. இரண்டாவது மஞ்சள் சீட்டு கட்டினார்.
4. எங்கள் தொழிற்சாலையில் மஞ்சள் சீட்டு என்றால் ரீவொர்க், அதாவது திருத்து என்று பொருள். இரண்டு முறை திருத்தியும் தேறாத பொருளுக்குச் சிவப்புச் சீட்டு. அது பழைய இரும்புத் தொட்டிக்குப் போகும். இந்த விதியை எழுதியவர் ஆய்வு அறைத் தலைவரான அரைநூல் சார்.
5. சனிக்கிழமை மறு ஆய்வு. அன்று வியாழன்.

ஓசூரில் அரைநூல் சாரிடம் தேறிய பொருள் எதுவும் கிடையாது. பெங்களூர் பஸ்ஸின் படி அரை நூல், அதாவது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு, உயரம். கேன்டீன் தோசை ஒரு பக்கம் அரை நூல் தடிமன். பாலிடெக்னிக் முடித்து நான் ஆய்வு அறையில் சேர்ந்த முதல் நாள், என் மேஜையை அளந்துவிட்டுச் சொன்னார்: "ஏம்மா, ஒரு காலு அரை நூல் கட்டை. நீ நேரா எழுதுனாலும் கோணலாத்தான் வரும்." அட்டையை மடித்து அந்தக் காலுக்கு அடியில் வைத்த பிறகே என்னை உட்காரவிட்டார். பம்பு உதிரிபாகம் செய்யும் சின்னத் தொழிற்சாலை அது. அறுபத்தெட்டாம் வருடம் அங்கே நான் ஒருத்திதான் பெண். அது அவர் கண்ணில் படவே இல்லை. மேஜைக் கால்தான் பட்டது.

எங்களோடு தமிழ் பேசுவார். கெட்ட உதிரிபாகத்தை இங்கிலீஷில் திட்டுவார். கன்னடம் கள்ளிச்செடிக்கு மட்டும். மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்ததும் ஜன்னல் பக்கம் திரும்பி, "ஏனப்பா, ஊட்ட ஆயித்தா?" என்று கேட்பார். சாப்பாடு ஆயிற்றா என்று அர்த்தம். அப்புறம்தான் முதல் கவளம். திங்கள்தோறும் வெர்னியர் அளவுகோல் வைத்து அதன் உயரத்தை அளப்பார். முள் குத்தினால், "அளவெடுக்கறப்ப ஆடாதடா" என்பது மட்டும் எப்படியோ தமிழில் வரும்.

அந்த வியாழக்கிழமை டப்பாவைத் திறக்காமலே ஒதுக்கி வைத்தார்.

"சார், அதுக்கு மட்டும் விதியைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாமே?"

"இன்னிக்குச் செடிக்குத் தள்ளுவேன். நாளைக்கு வால்வுக்குத் தள்ளச் சொல்லுவாங்க. வேலையப் பாரும்மா."

வேலையைப் பார்த்தேன். செடி மஞ்சளாவதற்கான காரணங்களை எழுதி ஒவ்வொன்றாக அடித்தேன். வெயில்: அதே கிழக்கு ஜன்னல், மாற்றமில்லை. பூச்சி: லென்ஸ் வைத்துத் தேடினேன், இல்லை. அடித்தண்டை அழுத்தினேன், வேகவைத்த உருளைக்கிழங்கு போல அமுங்கியது. மண்ணில் விரலை விட்டேன். நாற்று நடலாம் போல இருந்தது. செடித் தொட்டி என்பது பழைய பெயின்ட் டப்பா; அடியில் ஓட்டை கிடையாது.

அப்போதுதான் டப்பாவில் தொங்கிய கார்டைப் படித்தேன். சார் எழுதியது: 'தண்ணீர், வாரம் ஒரு தம்ளர்.' முதல் மஞ்சள் சீட்டின்போது செடி வாடுகிறதென்று ஒன்றை அடித்து இரண்டு என்றும், அடுத்த சீட்டின்போது மூன்று என்றும் திருத்தியிருந்தார். கீழே எங்கள் எல்லாக் கார்டுகளிலும் உள்ளபடி ஏ, பி, சி என்று மூன்று ஷிப்டுக்கும் மூன்று கட்டங்கள். மூன்றிலும் டிக்.

பி ஷிப்டில் லேத் ஓட்டும் ஜோசப் அண்ணனைக் கேட்டேன்.

"கட்டம் காலியா இருந்தா சார் உடுவாருங்களா? போன மாசம் ஒரு கட்டத்த உட்டதுக்கு மூணு நாளு எங்கூடப் பேசல. அதான் ஊத்திட்டு டிக் போட்டுட்டேன்."

"மழை பெஞ்ச அன்னிக்குமாண்ணே?"

"கார்டுல மழைக்குக் கட்டம் இல்லியேம்மா."

ஆக, ஷிப்டுக்கு மூன்றாக வாரம் ஒன்பது தம்ளர். கார்டை எடுத்துப்போய் சார் முன்னால் வைத்தேன். அப்போது நான் தகுதிகாண் பருவத்தில் இருந்தேன். என் வேலை நிரந்தரமாக அவர் கையெழுத்துதான் வேண்டும். ஆனாலும் சொன்னேன்.

"சார், செடியில குறையில்லிங்க. கார்டுல இருக்குது."

கட்டங்களின் மேல் விரலை ஓட்டினார். "இந்தக் கட்டத்த யார் போட்டது?"

"நீங்கதாங்க சார்."

இழுப்பறையைத் திறந்து சிவப்புச் சீட்டை எடுத்தார். நான் செடியைப் பார்த்தேன். அவர் அதைக் கார்டில் கட்டினார்.

"கார்டு ரிஜெக்ட். செடி ரீவொர்க்."

"மூணாவது ரீவொர்க்குங்களே சார்?" என்றார் வாசலில் நின்ற ஜோசப் அண்ணன்.

"மொத ரெண்டும் தப்பான கார்டு மேல செஞ்சது. கணக்குல வராது. நீ லேத்துக்குப் போ."

செடியைப் பிடுங்கி ஈர மண்ணை உதிர்த்தோம். கறுத்த வேர்களைச் சுத்தமான கத்தியால் வெட்டி, செடியை நிழலில் ஒரு வாரம் சும்மா கிடக்கவிட்டோம். டப்பாவின் அடியில் ஓட்டை போட மட்டும் ஒரு முழு மத்தியானம் ஆனது. மையம் சரியாக விழ வேண்டுமென்று சார் நாலு தடவை அளந்தார். ஆற்றுமணல், செங்கல் பொடிக்கல், கொஞ்சம் மண் கலந்து நட்டோம். இன்னொரு வாரம் ஒரு சொட்டுத் தண்ணீர் விடவில்லை. அதன்பின் மண் முழுக்கக் காய்ந்தால்தான் தண்ணீர். ஒரு கட்டம், ஒரு ஆள்: நான்.

சார் ஓய்வு பெற்று ஜவளகிரிக்குப் போய்விட்டார். என் வேலை நிரந்தரமாகிவிட்டது. செடி அதே ஜன்னலில் இருக்கிறது. அடியிலிருந்த பழைய மஞ்சள் போகவில்லை. மேலே இரண்டு விரல் புதுப்பச்சை. மாதம் ஒரு முறை உயரத்தை அளந்து போஸ்ட் கார்டில் அவருக்கு எழுதுகிறேன். "அரை நூல் இடிக்கிறது, மறுபடி அள" என்று தவறாமல் பதில் வருகிறது. நானும் தவறாமல் மறுபடி அளக்கிறேன்.