நூற்று எண்பத்தேழு அந்துப்பூச்சிகளும் ஒரு மின்விசிறியும்

மதிப்புக்குரிய மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. இங்கே நான், உங்கள் அத்தை, மகள் மூவரும் நலம். மழைக்காட்டில் அட்டைக்கடியோடு நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீங்கள் என்னை நம்பிக் கொடுத்துவிட்டுப் போன அந்துப்பூச்சிகளின் நலத்தைத் தனியாக எழுத வேண்டியிருக்கிறது. உட்கார்ந்துகொண்டு படிக்கவும்.

இறக்கையையும் உணர்கொம்பையும் பார்த்து இனவாரியாகப் பிரிக்கச் சொன்னீர்கள். முப்பத்தொரு வருடம் தபால் நிலையத்தில் கடிதம் பிரித்தவனுக்கு இது ஒரு வேலையா என்று நினைத்தேன். ஒவ்வொரு பூச்சிக்கும் கீழே, அதே ஊசியில், பிடித்த இடமும் தேதியும் எழுதிய சின்னச் சீட்டு இருந்தது. உங்கள் கையெழுத்தைக் குறை சொல்லவில்லை, ஆனால் அதைவிடப் பூச்சியின் கால்கள் தெளிவாக இருந்தன. நல்ல கையெழுத்தில் எழுதித் தரலாம் என்று நூற்று எண்பத்தேழு சீட்டையும் கழற்றி, சாப்பாட்டு மேசையில் அந்தந்தப் பூச்சிக்குப் பக்கத்தில் வைத்தேன். அப்போது உங்கள் அத்தை வந்து, "இப்படி வேர்த்து ஊத்துதே, ஒரு ஃபேன் போடக்கூடாதா?" என்று கேட்டுக்கொண்டே போட்டுவிட்டாள்.

சீட்டு ஒன்றுகூடத் தொலையவில்லை. பீரோவுக்கு அடியிலிருந்துகூடப் பொறுக்கிவிட்டேன். பழக்கதோஷத்தில் அவற்றை இடவாரியாகப் பிரித்துப் பதினொரு கட்டாகக் கட்டியும் வைத்திருக்கிறேன். விலாசமெல்லாம் வரிசையாக இருக்கிறது. எது யாருடையது என்பதுதான் தெரியவில்லை. பிறகுதான் நீங்கள் வைத்துவிட்டுப் போன கையேட்டைத் திறந்தேன். சீட்டில்லாத பூச்சி ஆராய்ச்சிக்கு உதவாது என்று முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறது.

சரி, இனத்தையாவது கண்டுபிடிப்போம் என்று படத்தோடு ஒப்பிட்டேன். படத்தில் இருப்பதும் பழுப்பு, பெட்டியில் இருப்பதும் பழுப்பு. உங்கள் அத்தை எட்டிப் பார்த்து, "இது ஜன்னல் திரைத்துணி, இது உங்க பழைய சட்டை, இது கால்மிதி" என்று மடமடவென்று பிரித்தாள். கையேட்டோடு ஒத்துப் பார்த்தால் என்னைவிட அவள்தான் அதிகம் சரி. நான் இறகு போன்ற உணர்கொம்பு உள்ளவற்றை ஒரு பெட்டியிலும் நூல் போன்றது உள்ளவற்றை இன்னொன்றிலும் கண்ணும் கருத்துமாக வைத்திருந்தேன். மகள் போகிற போக்கில், "அது ஆணு, இது பொண்ணுப்பா, ரெண்டும் ஒரே இனம்" என்றாள். நாற்பது குடும்பங்களைப் பிரித்து வைத்திருக்கிறேன். நடுவில் ஒரு தும்மல் வேறு வந்தது. பறந்த இறக்கைகளைத் தபால்தலை ஒட்டும் பசையால் ஒட்டியிருக்கிறேன்.

உங்கள் சேகரிப்பைப் பார்த்துத்தான் மியூசியம் வேலையை நிரந்தரமாக்கும் என்று கேள்வி. அதை என் கையாலேயே கெடுத்துவிட்டேன். விலாசமில்லாத கடிதத்தைக்கூட ஒருநாளும் குப்பையில் போட்டவனில்லை நான். என்னை மன்னிக்க வேண்டும். சீட்டு பறந்ததை மகளிடம் இன்னும் சொல்லவில்லை, தைரியம் வரவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் எடுத்த காரியமெல்லாம், நான் கை வைக்காதவரை, நன்றாக நடக்கும்.

ஆசிகளுடன்,
உங்கள் மாமா

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது மனசு கேட்காமல் மகளிடம் சொல்லிவிட்டேன். அவள் சிரித்தாள். "அப்பா, நல்லதெல்லாம் போன மாசமே மியூசியத்துக்குப் போயாச்சு. அவர் வேலையும் நிரந்தரமாயிடுச்சு. இது வேணாம்னு ஒதுக்கின பெட்டி. ரிடையரானதுலேருந்து நீங்க சும்மா சுவரையே பாத்துட்டு உக்காந்திருக்கீங்கன்னு அவர்தான் வேணும்னே குடுத்துட்டுப் போனார்" என்றாள். ஆகவே மேலே கேட்ட மன்னிப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அரை மணி நேரம் உங்கள் மேல் கோபமாகவும் இருந்தேன். அதன் பிறகு, நாளைக் காலை பத்து மணிக்கு நான் என்ன செய்வது என்று தோன்றியது. இன்னொரு பெட்டி இருந்தால் அனுப்புங்கள். ஒதுக்கினதாக இருந்தாலும் பரவாயில்லை, என்னிடம் மட்டும் சொல்ல வேண்டாம்.