பன்னிரண்டாம் ஸ்தலத்தில் ஒரு டூயட்

முதலிலேயே பாவசங்கீர்த்தனம் செய்துவிடுகிறேன். எனக்கு ஜெபங்களைவிட சினிமாப் பாட்டுகள்தான் அதிகம் மனப்பாடம். விசுவாசப் பிரமாணம் பாதியிலேயே மறந்துபோகும். (பக்கத்தில் நிற்பவரின் வாயைப் பார்த்து ஒப்பேற்றிவிடுவேன்.) அப்படிப்பட்டவனை நம்பி எங்கள் ஊர்க் கோயிலில் ஞானோபதேசம் சொல்லித்தரும் உபதேசியார் சிலுவைப்பாதைக்கு மைக் செட்டை ஒப்படைத்தார். தப்பு அவருடையது என்றுதான் இன்றைக்கும் வாதாடுகிறேன்.

வில்லியனூர் பக்கம் எங்கள் ஊர். பெரிய வெள்ளியன்று சிலுவையைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போவோம். இயேசுவின் பாடுகளை நினைத்து நின்று ஜெபிக்க பதினாலு ஸ்தலம், பதினாலு வீட்டு வாசல். அந்தந்த வீட்டார் மேசை போட்டு, வெள்ளைத்துணி விரித்து, பாடுபட்ட சுரூபமும் (சிலுவையில் தொங்கும் இயேசுவின் சிலை) மெழுகுவர்த்தியும் வைப்பார்கள். பன்னிரண்டாவது, இயேசு உயிர்விடுகிற ஸ்தலம், எங்கள் வீட்டு வாசல்.

அந்த வருஷம் அந்த மேசைதான் என் கவலை. எட்டு மாதம் முன்பு அப்பா படுக்கையில் கிடந்து இறந்துபோனார். அம்மாதான் ராத்திரியெல்லாம் கட்டிலருகே முழித்திருந்து பார்த்துக்கொண்டார். அதோடு அம்மா கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டார். அழவும் இல்லை. நான் கூப்பிட்டால் ஒரே பதில்தான்.

"கேட்டேன், குடுக்கல. அப்பறம் இன்னாத்துக்குடா நான் போவணும்?"

என் நிலைமையும் அப்படித்தான் இருந்தது. என்னைக் காப்பாற்றியது ஒரு சினிமாப் பாட்டு. சேதராப்பட்டுக்குக் காலை ஷிப்டு போகும் கம்பெனி பஸ்ஸில் போடுவார்கள். கதாநாயகிக்குக் காய்ச்சல், கட்டிலருகே உட்கார்ந்து 'நீ தூங்கு, நான் முழிச்சிருக்கேன்' என்று கதாநாயகன் பாடுவான், அவளும் கூடவே முனகுவாள். (காய்ச்சலிலும் அந்தப் பெண்ணுக்கு உதட்டுச்சாயம் கலையாது, அதை விடுங்கள்.) ஒருநாள் அதைக் கேட்கும்போது, ஆண்டவரே பக்கத்து சீட்டில் உட்கார்ந்து என்னிடம் சொல்கிற மாதிரி இருந்தது. அப்பா போன பிறகு அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினேன். கம்பெனி வாசலில் டிரைவர் உலுக்கி எழுப்பினார். அன்றைக்கே அந்தப் பாட்டை என் போனிலும் ஏற்றிக்கொண்டேன். அந்தப் பாட்டை எழுதிய புண்ணியவான் எந்த மதமோ தெரியாது. என்ன எழுத்து! எத்தனையோ பிரசங்கம் கேட்டும் அசையாத என்னை ஒரு வரியில் சாய்த்துவிட்டார்.

பெரிய வெள்ளிக்கு முந்தின நாள் அம்மாவே வாயைத் திறந்தார். "மேசை போடுறேன். அதுக்கு மேல எதயும் கேக்காத."

எனக்கு அதுவே போதும். எல்லாம் ஒழுங்காக நடந்தால் ஈஸ்டர் பூசைக்கும் வந்துவிடுவார் என்று கணக்குப் போட்டேன். ஏதாவது கோளாறானால் அத்தோடு சரி.

பெரிய வெள்ளியன்று கோயில் மணி அடிக்காது, மரக்கட்டையைத்தான் தட்டுவோம். கீபோர்டு, தபேலா எதுவும் கூடாது. அதனால் வாத்தியமில்லாமல் பாடிய ஒரு ஒப்பாரிப் பாட்டை என் போனில் ஏற்றி, புளூடூத்தில் ஸ்பீக்கரோடு இணைத்திருந்தேன். ஸ்பீக்கர் முன்னால் போகிற குட்டியானை வண்டியில். நடக்கும்போது பாட்டு, ஸ்தலத்தில் நிறுத்தம். பதினொன்று வரைக்கும் நான்தான் ராஜா.

பன்னிரண்டாம் ஸ்தலம். ஊரே தார்ரோட்டில் முட்டி போட்டது. சத்தமில்லாமல் ஐந்து நிமிஷம். அம்மா மேசை ஓரத்தில் கல்லு மாதிரி நின்றார். அவர் பார்க்கட்டுமே என்று நான் நெற்றி தரையில் படக் குனிந்தேன். (பக்தியில் பாதி நடிப்பு.) சட்டைப்பையில் இருந்த போன் அமுங்கி, ஒப்பாரியை விட்டு அடுத்த பாட்டுக்குத் தாவியது.

பீ... என்று புல்லாங்குழல். பிறகு அம்பது வயலின்.

பதறிப்போய் போனை எடுத்தேன். விரலெல்லாம் வேர்வை, நிறுத்தப் போய் சத்தத்தைக் கூட்டிவிட்டேன். "நீ தூங்கு..." என்று கதாநாயகன் தெருவே அதிரக் கொஞ்சினான்.

"டேய் சேவியரு! இன்னாடா இது!" உபதேசியார் அலறினார்.

போனைத் தூரமாகக் கொண்டுபோனால் தொடர்பு அறுந்துவிடும் என்று என் அபார மூளைக்குத் தோன்றியது. எழுந்து ஓடினேன். குட்டியானை டிரைவர் ஏழுமலை இந்து. ஸ்தலக் கணக்கெல்லாம் அவருக்குத் தெரியாது. மைக் செட்டுக்காரனே ஓடினால் அடுத்த ஸ்தலத்துக்கு நேரமாகிவிட்டது என்று நினைத்து, வண்டியை எடுத்து என் பின்னாலேயே வந்தார். நான் வேகமெடுக்க, அவரும் வேகமெடுத்தார். வண்டி கிளம்பியதும் சிலுவை தூக்கியவர்கள் கிளம்பினார்கள். பாட்டு ஒரு வார்த்தைகூட அறுபடவில்லை.

"டேய், ஓடாதடா!"

அம்மாவின் குரல். நின்றேன். வண்டி நின்றது. சிலுவையும் நின்றது.

"முழுசா பாடட்டும்டா."

திரும்பிப் பார்த்தேன். அம்மா சுரூபத்தின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். எட்டு மாதமாக வராத அழுகை. கூட வந்த ஃபாதர் கையை உயர்த்தி எல்லாரையும் அமர்த்தினார். கடைசி வயலின் அடங்கும்வரை ஊர் முட்டி போட்டபடியே கேட்டது.

பாட்டு முடிந்ததும் உபதேசியார் என்மேல் பாய்ந்தார். "பெரிய வெள்ளில டூயட்டாடா?"

அம்மா குறுக்கே வந்தார். "செத்துட்டாருன்னு பாடலியே அண்ணே? தூங்குன்னு தானே பாடுது. தூங்குறவரு எழுந்துக்குவாரு இல்ல? அதத்தானே நீங்களும் சொல்லிக்கினு இருக்கீங்க?"

இத்தனை வருஷம் உபதேசியார் கற்றுக்கொடுத்த ஞானோபதேசத்தை அம்மா ஒரு டூயட்டை வைத்து முடித்துவிட்டார். எங்கள் அம்மாவைப் பார்த்து நான் பிரமித்த நாள் அது.

ஈஸ்டர் காலைப் பூசையில் அம்மா முதல் பெஞ்சில் உட்கார்ந்தார். எனக்கு 'டூயட் சேவியர்' என்ற பெயர் நிலைத்தது. பெண் பார்க்கப் போன வீட்டிலேயே அப்படித்தான் விசாரித்தார்கள். இப்போது என் மகள்கூட பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்லிச் சிரிக்கிறாள்.

இன்றும் பெரிய வெள்ளியன்று உபதேசியார் முதல் வேலையாக என் போனைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொள்கிறார். ஆனால் போன வருஷம் எங்கள் வாசலில் ஊர் முட்டி போட்டு அமைதியானபோது, அம்மா தானாகவே அந்தப் பாட்டை மெல்ல முனகினார். உபதேசியார் முறைத்தார். அம்மா கண்ணை மூடியிருந்தார். இரண்டாவது அடியில் வார்த்தை மறந்து அம்மா தடுமாற, அடுத்த வார்த்தையை எடுத்துக்கொடுத்தது உபதேசியார்.