செவ்வாய்க்குப் போட்ட சிவப்புக் கண்ணாடி

பிரிக்ஃபீல்ட்ஸ்,
20.10.1988

அன்புமிக்க மச்சான் ஜெயராஜ் அவர்களுக்கு,

இராமலிங்கம் வணக்கத்தோடு எழுதுவது. இங்கே பூரணமும் மகள் புனிதாவும் சுகம். தொலைநோக்கியில் பார்க்க ஒரு கண்ணை மூடி மூடி அது வலிக்கிறதே தவிர எனக்கும் ஒரு குறையுமில்லை. கிள்ளானில் அக்காவும் பிள்ளைகளும் சுகந்தானே?

உங்கள் கடிதம் கிடைத்தது. நீங்கள் பார்த்துச் சொன்ன மாப்பிள்ளை வீட்டார், புனிதாவுக்குச் செவ்வாய் தோஷமாம், முதலில் வாழை மரத்தோடு ஒரு கல்யாணம் முடித்து மரத்தை வெட்டிவிட்டால் அப்புறம் பெண் பார்க்க வருவார்களாம். நன்றாயிருக்கிறது நியாயம்! என் மகள் வாழை மரத்துக்கு வாழ்க்கைப்பட மாட்டாள், மச்சான். ஆறு கோடி கிலோமீட்டருக்கு அப்பால் தன்பாட்டில் சுற்றிக்கொண்டிருக்கிற ஓர் உருண்டை, பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளை மேய்க்கிற பெண்ணை என்ன செய்துவிடும்? இந்த வருஷம் அது பூமிக்கு ரொம்பக் கிட்டே வந்திருக்கிறது. தீபாவளிக்குள் அதைப் படம் பிடித்து, "இந்தாங்க, இதுக்குத்தான் பயந்தீங்க" என்று அவர்கள் கையில் கொடுக்காமல் ஓயமாட்டேன். ஜாதகத்தைக் கிழித்துக் குப்பையில் போட்டாயிற்று.

ஓய்வு பெற்றபோது வாங்கிய இரண்டரை அங்குலத் தொலைநோக்கி இருக்கிறது. ஆனால் அதில் சும்மா எடுத்தால் செவ்வாய் ஒரே வெளிச்சமாக, பொட்டுக்கடலை மாதிரி விழுகிறது. சிவப்பு ஃபில்டர் போட்டால்தான் அதன் மேலுள்ள கறுப்புத் திட்டுகள் எடுபடும் என்று புத்தகத்தில் போட்டிருந்ததால் சிங்கப்பூரிலிருந்து சிவப்பு, ஆரஞ்சு, நீலம் மூன்றும் தருவித்தேன். ஃபில்டரோ வெளிச்சத்தைத் தின்றுவிடுகிறது, அதனால் கேமராவைக் கூடுதல் நேரம் திறந்து வைக்க வேண்டும், அந்த நேரம் பார்த்துப் பின்னால் ரயில் போனால் வீடே ஆடிச் செவ்வாய் புழுவாய் நெளிகிறது. முப்பத்திரண்டு வருஷம் ரயில்வேயில் குப்பை கொட்டியவனிடமா இந்த வேலை? ஒன்பது பத்து கூட்ஸுக்கும் ஒன்பதரை பாசஞ்சருக்கும் நடுவில் இருபது நிமிஷம் நமக்குத்தான் சொந்தம்.

ரயிலைச் சமாளித்தேன், படக்கடை விஜயனைத்தான் சமாளிக்க முடியவில்லை. ஃபிலிம் கழுவ அவனிடம்தான் கொடுப்பது. "உங்களுக்கு எதுக்குப்பா அலைச்சல், நானே கொண்டுபோறேன்" என்று புனிதாதான் ஒவ்வொரு முறையும் போய்வருகிறாள், தங்கமான பிள்ளை. முதல் ரோல், சிவப்பு ஃபில்டர். "ஒண்ணுமே விழலயாம்பா, கறுப்புல ஒரு புள்ளிதானாம்" என்று வெறுங்கையோடு வந்தாள். நம் சின்னக் குழாய்க்குச் சிவப்பு இருட்டு அதிகம் போலும் என்று ஆரஞ்சுக்கு மாறினேன். இரண்டாம் ரோலில் செவ்வாய் சாம்பல் நிறமாக வந்தது. கேட்டால், ஆரஞ்சு தூக்கலாக இருந்ததாம், மெஷினில் சரிபண்ணிவிட்டானாம். யாருப்பா உன்னைக் கேட்டது? மூன்றாம் ரோலில், இருட்டில் படம் எங்கே முடிகிறதென்று தெரியாமல் நெகட்டிவைச் செவ்வாயின் நடுமண்டையில் வெட்டிவைத்திருந்தான். சரி, வெட்டுகிறவனுக்கு அடையாளம் தெரியட்டும் என்று நான்காம் ரோலில் முதல் படமாகப் பூரணத்தைப் பகலில் நிற்கவைத்து எடுத்தேன். "முப்பது வருஷத்துல என்னை ஒருநாள் நிக்க வச்சு எடுத்திருப்பீங்களா? இப்ப கத்திரிக்கோலுக்கு அடையாளமா நான்?" என்று பிடித்துக்கொண்டாள். அந்த ரோலில் பூரணம் பளிச்சென்று வந்தாள். செவ்வாய் இருக்க வேண்டிய இடத்தில், ஃபில்டரில் படிந்த என் கைரேகை.

விட்டுவிடுவேன் என்று நினைக்காதீர்கள். மூன்று ஃபில்டரையும் பூரணத்தின் பட்டுப்புடவை முந்தானையால் துடைத்து வைத்திருக்கிறேன், அவளிடம் மூச்சுவிட வேண்டாம். இன்று ஐந்தாம் ரோல். மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லிவிடுங்கள், தோஷம், ஜாதகம் என்று இனி யாரும் என் வாசற்படி ஏறக்கூடாது.

பத்துமலை முருகன் அருளால் உங்கள் வீட்டில் எல்லாரும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி.

உங்கள் அன்புள்ள,
இராமலிங்கம்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகிற நேரத்தில் புனிதா வந்து, "அஞ்சாவது ரோல் வேணாம்பா" என்று ஒரு படத்தை மேசைமேல் வைத்தாள். செவ்வாய், மச்சான்! செக்கச்செவேலென்று, நடுவில் கறுப்புத் திட்டு, ஓரத்தில் வெள்ளைப் பொட்டு. முதல் ரோலில் எடுத்ததாம்! அன்றைக்கே கழுவி ஒளித்துவைத்துவிட்டான் படுபாவி. கடைக்கு ஓடி, "ஏன்டா இப்படிப் பண்ணினே?" என்று கத்தினேன். "சாரி அங்கிள். மொத ரோலே நல்லா வந்திருச்சின்னு சொல்லிட்டா, புனிதா அப்புறம் கடைக்கு வராது லா" என்கிறான். இது புனிதாவுக்கும் தெரியுமாம், பூரணத்துக்கும் தெரியுமாம், தெரியாதவன் நான் ஒருவன்தான். இன்னும் கத்தியிருப்பேன், அதற்குள் அவன் அம்மா தண்ணீர் கொடுத்து உட்காரவைத்து, பையனுக்கு முப்பத்தொன்றாகியும் பெண் அமையாததற்குக் காரணம் சொன்னார். அவன் ஜாதகத்திலும் செவ்வாய் தோஷமாம்!

இரண்டு பேருக்கும் இருந்தால் ஒன்றுக்கொன்று சரியாகிவிடும்தானே, மச்சான்? சாஸ்திரம் பொய் சொல்லுமா? மூன்று ஃபில்டரையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டேன், பையனிடம் ஒரு குறையும் தெரியவில்லை. மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிட்டு, சனிக்கிழமை உங்கள் ஜோசியரைக் கையோடு கூட்டி வாருங்கள். புனிதா ஜாதகத்தின் நகல் உங்களிடம் இருக்குமே, அதையும் கசங்காமல் கொண்டு வாருங்கள்.