ஒச்சாண்டி கிள்ளிய துரும்பு

பட்டென்று முடிப்பவர் என்று ஒரு ரகம் உண்டு. உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். அண்ணாந்து வானத்தைப் பார்க்காமல் நெல்லைக் காயப்போடுவார்; பாதிக் கிணறு வெட்டிய பிறகு நீரோட்டம் பார்க்கிறவரைக் கூப்பிடுவார்; யார் வீட்டுக் கலியாணம் என்று கேட்காமல் பந்தியில் உட்கார்ந்து, பாயசம் வரும்போது பதறி எழுந்து அடுத்த பந்தலுக்கு ஓடுவார். கேட்டால், "நமக்கு வளவளன்னு யோசிக்கத் தெரியாதப்பா" என்பார். யோசிப்பது ஏதோ வேலைவெட்டி இல்லாதவர்களின் பொழுதுபோக்கு என்பதுபோல.

அனுமந்தன்பட்டி ஒச்சாண்டி இந்த ரகத்தில் முதல் தரம். சந்தையில் ஒரு காளையின் கொம்பைப் பார்த்தான், திமிலைப் பார்த்தான், துண்டுக்குள் கையை விட்டு விலை பேசினான், பிடித்துக்கொண்டு வந்துவிட்டான். பல்லைப் பார்க்கவில்லை. வாசலில் பங்காளிகள் கூடி மெச்சிக்கொண்டிருக்கையில் அவன் பெண்சாதி மாயக்காள்தான் அதன் வாயைத் திறந்து பார்த்தாள்.

"மச்சான், இதுக்கு வைக்கோலு வேணாம். கஞ்சி காச்சித்தான் ஊத்தணும்."

பங்காளிகள் சிரித்தார்கள். போதாதா? ஒச்சாண்டியின் கூட்டத்தாரிடம் ஒரு வழக்கம்: பங்காளிகள் முன்னிலையில் ஒரு துரும்பைக் கிள்ளிப் பெண்சாதி கையில் கொடுத்துவிட்டால் கலியாணம் தீர்ந்தது. அப்புறம் அவளும் யாரையும் கட்டிக்கொள்ளலாம். ஒச்சாண்டி வைக்கோல் படப்பிலிருந்து ஒன்றை உருவினான், கிள்ளினான், நீட்டினான். மாயக்காள் வாங்கி முந்தியில் முடிந்துகொண்டு, வீரபாண்டியில் இருக்கிற அண்ணன் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

கோபம் எவ்வளவு நேரம் இருந்தது என்கிறீர்கள்? அவள் ஊர் எல்லையைத் தாண்டும்வரை. வீம்புதான் மூன்று மாதம் இருந்தது. அந்த மூன்று மாதமும் கஞ்சி காய்ச்சிக் காளைக்கு ஊற்றி, மிச்சத்தைத் தானும் குடித்தான். அப்புறம் ஒரு புதன்கிழமை சேதி வந்தது: போடியிலிருந்து மலைச்சாமி என்று ஒருவர் வெள்ளிக்கிழமை மாயக்காளைப் பெண் கேட்டு வருகிறாராம்.

ஒச்சாண்டி கஞ்சிப் பானையை அப்படியே போட்டான். தாம்பாளத்தைத் தூக்கினான். கிளம்பாத பஸ்சைத் திட்டிவிட்டு நடந்தான். சின்னமனூர் தாண்டும்போது அதே பஸ் அவன்மேல் புழுதியை வாரி இறைத்துவிட்டுப் போனது.

மாயக்காளின் அண்ணன் கருத்தக்கண்ணன் வாசலில் நின்றான். "வாங்க மாப்ளே. காளை சௌக்கியமா?"

"பொண்ணு கேட்டு வந்திருக்கேன்."

"எந்தப் பொண்ண?"

உள்ளேயிருந்து மாயக்காள் வந்து தாம்பாளத்தை எட்டிப் பார்த்தாள். "வெத்தல இருக்கு. பாக்கு எங்கன?"

ஒச்சாண்டி கடைக்கு ஓட எழுந்தான்.

"உக்காருங்க மச்சான். காளையோட பல்லப் பாக்கல. துரும்பக் கிள்ளயில எம் மூஞ்சியப் பாக்கல. இப்பவாவது பாத்துட்டுக் கேளுங்க."

"பாத்துட்டேன்."

"இன்னும் பாருங்க."

பார்த்தான். ஆறு வருஷம் குடித்தனம் நடத்தியவனுக்கு அன்றைக்குத்தான் அவள் கழுத்தோரத்துத் தழும்பு கண்ணில் பட்டது.

"இது எப்ப ஆச்சு?"

"தாலி கட்டுன அவசரத்துல உங்க கைக் காப்பு கிழிச்சது."

கருத்தக்கண்ணன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். ஒச்சாண்டி கைக் காப்பை மெதுவாகக் கழற்றித் தாம்பாளத்தில் வைத்தான். அவசரப்படாமல் அவன் ஒரு காரியம் செய்தது வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை.

"இந்தத் தடவ மெதுவாக் கட்டுறேன், மாயக்கா."

அவள் முந்தியை அவிழ்த்துத் துரும்பை எடுத்துக் காட்டினாள். "இது எங்கிட்டவே இருக்கும். இனிமே கிள்ளுறதுன்னா நான்தான் கிள்ளுவேன். சம்மதமா? யோசிச்சுச் சொல்லுங்க."

"சம்மதம்!" என்றான், பட்டென்று.

சிரித்தபடி அவளே பாக்கு எடுத்துவர உள்ளே போனாள். மலைச்சாமி வரவேண்டாம் என்று கருத்தக்கண்ணன் போடிக்கு ஆள் அனுப்பினான்.

இது அப்படியே நம் மைத்துனர்தான் என்று நீங்கள் முடிவுகட்டியிருப்பீர்கள். அதுவும் இரண்டாவது பத்தி முடிவதற்குள்ளேயே. கொஞ்சம் பொறுங்கள். உங்கள் வீட்டம்மாள் முந்தியில் என்ன முடிந்துவைத்திருக்கிறாள் என்று என்றைக்காவது நிதானமாகப் பார்த்ததுண்டா?