நான் வாஷிங் மெஷின்மேல் உட்காருவதில்லை

மாடி வீட்டில் இருக்கும் என் அன்பு மகனுக்கு, கீழ் வீட்டில் இருக்கும் அம்மா எழுதுவது.

நான் வாஷிங் மெஷின்மேல் ஏறி உட்காருகிறேன் என்று நீ உன் சித்தியிடம் சொல்லியிருக்கிறாய். அவளிடம் சொல்வதும் ஒலிபெருக்கியில் சொல்வதும் ஒன்றுதான் என்பது உனக்குத் தெரியாததல்ல. நீ சொன்னது தவறு. நான் அதன்மேல் சாய்ந்து நின்றேன். நலம் விசாரித்த பிறகே விஷயத்துக்கு வர வேண்டும் என்று எங்கள் கான்வென்ட்டில் கடிதம் எழுதக் கற்றுக்கொடுத்த சிஸ்டர் அடித்துச் சொல்வார், ஸ்கேலாலும் அடித்துச் சொல்வார். ஆனால் அந்த அம்மாள் மெஷின்மேல் ஏறினார் என்று யாரும் பேசியதில்லை. ஆகவே திருத்தம் முதலில், நலம் பிறகு. நான் நலம். நீயும் உன் மனைவியும் நலமென்று உங்கள் காலடிச் சத்தத்திலிருந்தே தெரிகிறது.

பென்சிலில் எழுதுவதைப் பொறுத்துக்கொள். தாளைப் பார்த்தும் முகம் சுளிக்காதே, மெஷினோடு வந்த புத்தகத்தின் கடைசியில் குறிப்புகளுக்கு என்று காலியாக விட்டிருந்த பக்கங்கள் இவை. எழுத்து கோணியிருந்தால் அது வயதினால் அல்ல, மேசை இல்லாததால்.

நடந்தது இதுதான். போன வாரம் கடைசியில் துணி பிழியும்போது மெஷின் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக உற்சாகப்பட்டது. நான் ஒரு கையை வைத்தேன், அடங்கவில்லை, இன்னொரு கையையும் வைத்தேன், பிறகு இடுப்பை வைத்தேன், அந்த நேரம் பார்த்துக் கொடியில் துணி எடுக்கப் பின்பக்க நடை வழியாக வந்த உன் மனைவி எட்டிப் பார்த்து, "ஐயோ அத்தை, இறங்குங்க முதல்ல" என்றாள். "ஏறியிருந்தாத்தானேம்மா இறங்க" என்றேன். என் கால்கள் இரண்டும் தரையில்தான் இருந்தன. ஒன்று சற்றுத் தூக்கியிருந்திருக்கலாம். அவள் மாடிக்குப் போனாள், நீ இறங்கி வந்தாய், வந்ததும் வராததுமாக, "அம்மா, அது துணி துவைக்கிற மெஷின், குதிரை இல்ல" என்றாய். பெற்றவளிடம் பேசுகிற பேச்சா இது என்று கேட்டிருப்பேன், ஆனால் அப்போது என் குரலும் மெஷினோடு சேர்ந்து ஆடிக்கொண்டிருந்தது.

அதோடு விட்டாயா? அம்மாவால் இனிமேல் தனியாக இருக்க முடியாது, அவரை மாடியில் பின்னறைக்கு ஏற்றிவிட்டுக் கீழ் வீட்டை வாடகைக்கு விடலாம், மெஷினைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்று என்னையும் அதையும் ஒரே மூச்சில் முடிவு கட்டியிருக்கிறாய். இன்று மாலை தரகர் ஆள் கூட்டிக்கொண்டு வீடு பார்க்க வருகிறாராமே. அதுவும் உன் சித்தி வாய் தவறிச் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அந்தப் பின்னறையில் நீ உடம்பு குறைக்க வாங்கிய ஓட்ட மெஷின் துண்டு காயப்போடும் கம்பியாக நிற்கிறது. ஓடாத மெஷினை வைத்துக் காப்பாற்றுகிறவன், ஓடுகிற மெஷினை வைத்திருப்பவளைப் பார்த்துக் காலம் முடிந்தது என்கிறாய். நன்றாக இருக்கிறது நியாயம்.

முதலில் அது என்ன மெஷின் என்றாவது உங்களில் யாருக்காவது தெரியுமா? உன்னைக் கேட்டால் "அரதப் பழசு" என்கிறாய், அது மெஷினின் பெயரா? உன் மனைவி மெக்கானிக்குக்கு ஃபோன் போட்டு, வெள்ளையாக இருக்கும், நடுவில் வட்டமாகக் கண்ணாடி இருக்கும் என்று காணாமல் போன குழந்தைக்கு அடையாளம் சொல்வதுபோல் சொன்னாள். நான் ஃபோனை வாங்கி, முன்பக்கம் கதவு, ஏழு கிலோ துணி போடலாம், தண்ணீரைத் தானே சூடாக்கிக்கொள்ளும் என்று முறையாகச் சொன்னேன். அவர் மாடல் நம்பர் கேட்டார்.

"பின்னாடி தகட்டுல இருக்கும் பாருங்கம்மா."

"பின்னாடி சுவர்தாம்ப்பா இருக்கு."

"கொஞ்சம் இழுத்துப் பாருங்களேன்."

"நீங்க வந்து இழுங்க, நான் பார்க்கிறேன்" என்றேன். இன்றுவரை வரவில்லை. ஆக, நீ அதைச் சுவரோரம் நிறுத்திய நாளிலிருந்து அதன் முதுகை யாரும் பார்த்ததில்லை. உன் அப்பா, இருந்தவரை, நான் ஒரு வேலை சொன்னால் முதுகைக் காட்டுவார். மெஷினுக்கு அந்தப் பழக்கமும் கிடையாது.

இத்தனை வருடம் அது உழைத்ததற்குக் காரணம் நான். புத்தகத்தைப் படித்தவள் இந்த வீட்டில் நான் ஒருத்திதான். எல்லாப் பைகளையும் துழாவாமல் துணி உள்ளே போகாது. உன் சட்டைப் பையிலிருந்து நான் எடுத்த ஸ்குரூக்கள் உள்ளே போயிருந்தால் உள்ளிருக்கும் தொட்டி சல்லடையாகியிருக்கும். தொட்டியில் ஒரு கை நுழையும் இடம் விட்டுத்தான் நிரப்புவேன். உன் மனைவியோ பெட்டி அடைப்பதுபோல் முழங்காலால் அழுத்துகிறாள். சோப்புத் தூளைக் கரண்டியில் அளந்து தலைதட்டித்தான் போடுவேன், நுரை அதிகமானால் அழுக்கு அதிகம் போகும் என்பது விளம்பரக்காரன் கட்டிய கதை. துவைத்து முடிந்ததும் கதவைச் சுற்றியுள்ள ரப்பர் வளையத்தை மடிப்பு மடிப்பாக விரித்து, குழந்தைக்குக் காது துடைப்பதுபோல் துடைத்து, நாற்றம் வராமல் கதவைத் திறந்து வைப்பேன், அதை நீ போகிறபோக்கில் உதைத்துச் சாத்திவிட்டு ஏதோ நல்ல காரியம் செய்தவன்போல் போவாய். மாதம் ஒருமுறை கீழே இருக்கும் வடிகட்டியைக் கழற்றிக் கழுவி, துணியே போடாமல் வெந்நீரில் ஒரு சுற்று விட்டு, காலண்டரில் குறிப்பேன். இந்தப் பென்சில் அதற்காகக் கட்டித் தொங்கவிட்டதுதான். இப்படிப் பார்த்துக்கொள்ளாத மெஷினெல்லாம் வாங்கின மறுவருஷமே படுத்துக்குது, அப்புறம் கம்பெனிக்காரன் மேல கோவம், கரன்டு மேல கோவம், தண்ணி மேல கோவம். துடைக்கத் துணி எடுக்க ஒருத்தருக்கும் கை வராது.

அடுத்த குற்றச்சாட்டு, மெஷின் நடக்கிறதாம். நடக்கவில்லை. அசைகிறது. உயிருள்ள பொருள் அசையத்தான் செய்யும், உன் அப்பாவைத் தவிர. நான் தரையில் சாக்பீஸால் கோடு போட்டு வைத்திருக்கிறேன், அதைத் தாண்டினால் அப்புறம் பேசு. சத்தம் மாடிக்குக் கேட்கிறது என்றீர்கள், சரி என்று இப்போதெல்லாம் மெஷின் இருக்கும் அறைக் கதவை உள்பக்கம் சாத்திக்கொண்டுதான் ஓட்டுகிறேன். இதற்கு மேல் ஒருத்தி என்ன விட்டுக்கொடுக்க முடியும்?

ஆகவே, நானும் மெஷினும் நல்ல நிலையில் இருக்கிறோம், எங்களுக்கு யார் உதவியும் வேண்டாம், தரகரிடம் வர வேண்டாம் என்று சொல்லிவிடு. நீயும் உன் மனைவியும் கறை படாமல், சாயம் போகாமல், எத்தனை முறுக்கினாலும் கிழியாமல் நீண்ட நாள் வாழ ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா

பி.கு.: மெஷின் கோட்டைத் தாண்டிவிட்டது. தாண்டியது இந்தக் கடிதம் தொடங்குவதற்கு முன்பே. பிழியும்போது ஒரு திருப்பம் திரும்பி, வயரைச் சுவரிலிருந்து பிடுங்கிக்கொண்டு, தண்ணீர்க் குழாயையும் இழுத்துக்கொண்டு போய் அறைக் கதவோடு நெஞ்சை ஒட்டி நின்றுவிட்டது. கதவோ உள்பக்கம் திறப்பது. நானும் உள்பக்கம். தரையெல்லாம் தண்ணீர், ஆகவே அதன்மேல் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். இந்த அறையில் வேறு இருக்கை இல்லை என்பதைக் குறித்துக்கொள். ஃபோன் கூடத்தில் அடித்தது. திமிரில் எடுக்கவில்லை என்று நினைத்திருப்பாய். கூப்பிடக் குரல் இருக்கிறது, கூப்பிடுவதாக உத்தேசம் இல்லை.

ஆனால் அது முதல்முறையாக எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. மாடல் நம்பரைக் குறித்துக்கொண்டேன். நம்பருக்குப் பக்கத்தில் பெரிய போல்ட் நான்கு இருக்கின்றன. புத்தகத்தில் 'பொருத்தும் முறை' என்ற முதல் பக்கங்களை, அதெல்லாம் நான் பாத்துக்கறேம்மா என்று நீ சொன்னதால், இதுவரை நான் படித்ததில்லை. இன்று நேரம் கிடைத்தது. வண்டியில் வரும்போது உள்ளே தொட்டி ஆடாமல் இருக்கப் போட்டது அந்த நான்கும், ஓட்டுவதற்கு முன் கட்டாயம் கழற்ற வேண்டும், கழற்றாவிட்டால் மெஷின் குதிக்கும், நகரும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. பாலத்தில் ஒரு போல்ட் குறைந்தால் பத்துப் பக்கம் அறிக்கை எழுதுகிற இன்ஜினியர் நீ. மெக்கானிக் எதற்கு, நானே மாட்டறேன் என்று இதை மாட்டியவனும் நீ.

உன் மனைவி துணி எடுக்க வரும் சத்தம் கேட்டதும் இதைக் கதவுக்கு அடியில் தள்ளிவிடுவேன். தரகர் வாசலில் நிற்கும்போது கதவை இடிக்காதே. கீழ் வீட்டை வாடகைக்கு விடுவதில்லை, அம்மா கீழேயே இருப்பார் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடு. அந்த நான்கு போல்ட் பற்றி உன் சித்தியிடம் நான் மூச்சு விடமாட்டேன்.

பதிலை வாயால் சொல்ல வேண்டாம். எழுத்தில் வேண்டும். கதவுக்கு அடியில் இடம் இருக்கிறது.